பன்னிரண்டாவது குண்டூசி

கதை எழுதும் தகுதி எனக்கு உண்டு என்று கருதி இதை எழுதத் துணியவில்லை. இது முதல் முயற்சி. பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். மறைந்த ஒரு தாயைப் பற்றிக் கடிந்து சொல்ல நேர்வதற்கும் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவை அடக்கம் செய்து ஆறு வாரம் கழிந்த ஒரு பிற்பகலில், இரண்டு மகள்களில் பெரியவள் தையற்கடையைத் திறந்தாள். பூட்டு வழக்கம்போல் முரண்டு பிடித்துப் பின் வழிவிட்டது. உள்ளே எதுவும் மாறவில்லை. எதிரெதிரே இரண்டு தையல் இயந்திரங்கள். சன்னலோரத்தில் இருந்தது அம்மாவுடையது. சுவரில் ஆளுயரக் கண்ணாடி. இயந்திர எண்ணெயும், ஈரத்துணியில் இஸ்திரிப்பெட்டி பட்டெழும் ஆவியும் கலந்த வாசனைகூட அப்படியே இருந்தது.

ஆறு வாரமாக அங்கே யாரும் இஸ்திரி போடவில்லை.

அம்மாவிடம் புத்திமதிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. "ரெண்டு விரல் துணி உள்ள விட்டுத் தை. மனுஷ ஒடம்பு இன்னைக்கு மாதிரி நாளைக்கு இருக்காது" என்பாள். ஆனால் எல்லாவற்றிலும் தலையானது ஒன்று உண்டு. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பஞ்சுத் திண்டில் சிவப்புத் தலை வைத்த குண்டூசிகள் பன்னிரண்டு. துணி கைவிட்டுப் போகுமுன் பன்னிரண்டும் திண்டுக்குத் திரும்பியாக வேண்டும். "எண்ணிட்டியா?" என்று கேட்காமல் அம்மா எதையும் வெளியே விட்டதில்லை.

பதினொரு வயதில் பெரியவள் ஒருமுறை எண்ண மறந்தாள். வாடிக்கைக்காரர் ஒருவரின் விலாவில் குத்திய அதே ஊசியை அன்று மாலை அம்மா அவள் உள்ளங்கையில் நிதானமாக இறக்கினாள். "இனிமே மறக்க மாட்ட" என்றாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

இளையவளுக்கு அந்தப் பயம் கிடையாது. தெருவே அவளை வாயாடி என்றுதான் அழைக்கும். "உன் வாயத் தைக்கத்தான் தடிச்ச நூலாத் தேடிட்டு இருக்கேன்" என்று அம்மா சீறினால், "நூல் கெடைக்கும்மா, ஊசிதான் ஒடஞ்சிரும்" என்று சிரிப்பாள். அந்தப் பேச்சில் மயங்கித்தான் மருந்துக்கடைக்காரர் அவளைப் பெண் கேட்டிருந்தார். திருமணத்துக்கு எட்டு நாள்களே இருந்தன. கழுத்துப்பட்டி மட்டும் பாக்கியாக அவளுடைய கல்யாண உடை கொக்கியில் தொங்கியது.

பெரியவள் திண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பழக்கத்தில் எண்ணினாள்.

பதினொன்று.

மறுபடியும் எண்ணினாள். பதினொன்றுதான்.

அம்மாவின் கடைசி உடையைத் தைத்தவள் அவளே. சவப்பெட்டியை மூட ஆள் வந்து வாசலில் நின்ற அவசரத்தில், உடுத்திய உடம்பின் மேலேயே கழுத்துப்பட்டியைப் பிடித்துத் தைத்தாள். அன்று அவள் எண்ணவில்லை.

"ஒண்ணு அம்மாவோடயே போயிருச்சுடி" என்றாள், கூட வந்திருந்த தங்கையிடம்.

"போனாப் போகுது விடுக்கா. அவங்க ஊசி, அவங்களே வச்சுக்கட்டும். எங்க விட்ட?"

"கழுத்துல."

"நல்லதாப் போச்சு. இனிமே தலைய ஆட்டி ஆட்டித் திட்ட முடியாது."

அம்மாவின் இயந்திரத்து மிதிபலகை ஒருமுறை தாழ்ந்து எழுந்தது.

"எலி" என்றாள் வாயாடி.

மறுநாள், தைக்கக் கொடுத்திருந்த சட்டையைப் போட்டுப் பார்த்த ஓர் ஆசிரியை கழுத்தைப் பிடித்துக்கொண்டார். துணியை உதறியும் ஊசி அகப்படவில்லை; தொண்டைக்குழியில் ஒரு பொட்டு இரத்தம் மட்டும் நின்றது. அடுத்த நாள் வங்கிக்காரருக்கு, பின்பு அவர் மனைவிக்கு. எல்லோருக்கும் அதே இடம். வாரம் முடிவதற்குள் ஏழு பேர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பெரியவள் புதிதாக ஒரு குண்டூசி வாங்கித் திண்டில் செருகி, பன்னிரண்டாக்கி வைத்தாள். காலையில் அது தரையில் கிடந்தது, கொக்கிபோல் வளைந்து.

"கல்யாணத்தத் தள்ளிப் போடலாம்டி. இல்லன்னா வேற கடையில வாங்கின உடுப்பப் போட்டுக்க."

"செத்தவங்களுக்குப் பயந்தா? உயிரோட இருந்தப்பவே நான் பயந்ததில்ல. குடு இப்படி."

திருமணத்துக்கு முந்திய நாள். நல்ல வெயிலேறிய நண்பகல். வாயாடி உடையை அணிந்து கண்ணாடி முன் நின்றாள். பெரியவள் கழுத்துப்பட்டியைத் தைத்து, நூலை அறுத்து, ஊசிகளை எண்ணத் தொடங்கினாள்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

இஸ்திரி ஆவியின் வாசனை எழுந்தது. அதன் அடியில் ஈரமண்ணின் வாசனை.

"கொஞ்சம் தளர்த்துக்கா. இறுக்குது."

"நான் தொடவே இல்லயேடி."

சன்னலோர இயந்திரம் ஓடத் தொடங்கியது. மிதிபலகை ஏறி இறங்கியது. நாற்காலியில் யாரும் இல்லை.

கண்ணாடியில் கழுத்துப்பட்டி தானாகவே மடிந்தது. ஒரு விரல் அளவு.

இரண்டு விரல்.

"அக்கா, பின்னால யாரோ பிடிச்சுப் பாக்குறாங்க..."

பெரியவள் கத்தரியைப் பாய்ச்சிக் கழுத்துப்பட்டியை வெட்டினாள். துணி பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. வாயாடி முழங்காலிட்டு விழுந்தாள். வாய் திறந்து மூடிற்று. சத்தம் வரவில்லை. தொண்டைக்குழியில் ஒரு சிவப்புப் பொட்டு.

இயந்திரம் நின்றது.

பெரியவள் மணிக்கட்டைப் பார்த்தாள். திண்டில் பன்னிரண்டு. கடைசி ஊசி துருவேறி, ஈரமண் ஒட்டி, ஒரு நரைமயிர் சுற்றி இருந்தது.

தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் மருத்துவர். மருந்துக்கடைக்காரர் மூன்று மாதம் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு வரவில்லை. வாயாடி இப்போது சன்னலோர இயந்திரத்தில் தைக்கிறாள். பகல் முழுவதும் ஒரு சொல் கிடையாது. கடை சாத்தும் நேரத்தில் மட்டும் தலை நிமிராமல் வாய் திறக்கிறாள். வருவது அவள் குரல் அன்று.

"எண்ணிட்டியா?"

இழந்தவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வாடிக்கைக்காரர் ஏழு பேர். கல்யாண உடை ஒன்று. கல்யாணம் ஒன்று. ஒரு தங்கையின் குரல், சிரிப்பு உட்பட.

குண்டூசிகளில் குறைவில்லை. இன்று மாலையும் பன்னிரண்டு.