முட்டு எடுத்த வீடு

பூமிகா பச்சைக் குழந்தையோடு ஆட்டோவில் வந்து இறங்கியபோது மழை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் போகிற லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. செண்பகம் மகளையும் பேரனையும் வாசலில் நிற்க வைத்து ஆரத்தி சுற்றினாள். தட்டைத் தெருவில் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது, வீட்டுக்குள் ஏதோ பொத்தென்று விழுந்தது.

கூடத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கிடந்தது. செண்பகம் அண்ணாந்து பார்த்தாள். பேரனைத் தூங்கவைக்கப் புடவையில் ஏணை கட்டவென்று துடைத்து வைத்திருந்த கொக்கிக்குப் பக்கத்தில் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. மகளுக்கும் பேரனுக்கும் அந்த இடத்தில்தான் பாய் விரிக்க நினைத்திருந்தாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு இருக்க? ஒரு சட்டி சிமெண்ட்ட கொழைச்சு அப்பிட்டா போச்சு" என்றான் அவள் புருஷன் வரதன்.

வரதனுக்கு எல்லாமே அப்படித்தான். இரும்புக் கம்பெனியில் ஷிப்டு பார்த்துப் பார்த்து, எந்த வேலையையும் சைரன் ஊதுவதற்குள் முடித்துவிடுகிற அவசரம் உடம்பில் ஊறிவிட்டது. நல்ல மனுஷன்தான், ஆனால் நிதானம் என்பது மருந்துக்கும் கிடையாது. இந்த முறை செண்பகம் விடுவதாக இல்லை.

"அந்தக் கொக்கியிலதான் என் பேரப்புள்ள தூங்கப் போறான். சரியா பாக்குற ஆள இட்டுக்கினு வா."

மறுநாள் சோழவரத்திலிருந்து சாம்சன் பைக்கில் வந்தான். பழைய தளங்களைச் சரி செய்வதில் அந்தப் பக்கத்தில் பேர் வாங்கினவன். வரதன் வேலைக்குப் போயிருந்தான். பூமிகா உள்ளறையில் குழந்தையோடு படுத்திருந்தாள். வானம் மூடிக் கிடந்ததால் பகலிலேயே கூடம் இருட்டிவிட்டது. கரண்ட்டும் இல்லை.

சாம்சன் முதலில் மாடிக்குப் போய்ப் பார்த்தான். மொட்டைமாடியின் நடுவில் மழைத் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது. கீழே வந்து, தளத்துக்கு ஒரு சாண் கீழே, சுவருக்குச் சுவர் நூல் கட்டினான். இரண்டு ஓரத்திலும் நூலுக்கும் தளத்துக்கும் ஒரு சாண் இருந்தது. நடுவில் மூன்று விரல் குறைந்திருந்தது.

"தளம் தொங்கிப்போச்சுக்கா. ஊடு கட்டினப்ப சென்ட்ரிங் பலகைய எப்ப பிரிச்சாங்க?"

செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆடி பொறக்கப் போவுதுன்னு சீக்கிரமே பிரிச்சுட்டாங்கப்பா. ஆனியிலயே பால் காச்சணும்னு."

"எல்லா ஊட்டுலயும் இதே கதைதான். பலகையத் தாங்குற முட்டுக் கம்பு மூணு வாரமாவது நிக்கணும். நாள் பாக்குறவங்க தளம் இறுகிச்சான்னு பாக்குறது இல்ல." சாம்சன் ஏணியில் ஏறினான். "நல்ல கான்கிரீட்டா இருந்தா தட்டினா கணீர்னு கேக்கும். உள்ள கம்பி துருவேறி ஊதி, காரை வுட்டுப்போயிருந்தா பொத்துனு கேக்கும். கேளுங்க."

சுவரோரம் சுத்தியலால் தட்டினான். கணீரென்றது. தள்ளித் தட்டினான், பொத்தென்றது. நடுவை நெருங்க நெருங்க எல்லாமே பொத், பொத். கெட்ட இடங்களை சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தவன், கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினான்.

மேலிருந்து பதிலுக்கு ஒரு தட்டு வந்தது.

சாம்சனின் கை அந்தரத்தில் நின்றது.

"மாடியில யாருக்கா?"

"யாரும் இல்லியே."

அவன் இரண்டு முறை தட்டினான். இரண்டு முறை பதில் வந்தது. சுத்தியல் சத்தம் இல்லை அது. உள்ளங்கையால் அறைகிற சத்தம்.

செண்பகம் படியேறி ஓடினாள். மாடியில் ஈ காக்கை இல்லை. தூறல் நின்றிருந்தது. தேங்கிய தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் தட்டுகிற சத்தம் கேட்டது. அது மாடியிலும் இல்லை, கூடத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், தளத்தின் கனத்துக்குள்ளேயே கேட்டது.

கீழே வந்தபோது கூடம் முழுக்க ஈரச் சிமெண்ட் வாசனை அடித்தது. சாம்சன் இன்னும் சிமெண்ட் குழைக்கவே ஆரம்பிக்கவில்லை. அவன் முகம் வெளிறியிருந்தாலும், எலியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உளியை எடுத்துப் பூச்சைக் கொத்த ஆரம்பித்தான். பெரிய பெரிய பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

பூச்சுக்குள்ளே, கான்கிரீட்டில், இரண்டு கைகள் பதிந்திருந்தன.

விரல்களை அகல விரித்து, எதையோ தாங்குகிற மாதிரி பதிந்த கைகள். வலது கையில் வளையல் அழுந்திய தடம்கூட இருந்தது.

"பலகைய போட்டு, அது மேலதான் கான்கிரீட் கொட்டுவாங்க" என்றான் சாம்சன், குரலைத் தாழ்த்தி. "பலகைக்குக் கீழ இருந்து கை எப்படிக்கா பதியும்?" கம்பியை விரலால் சுரண்டினான். செதில் செதிலாக உதிர்ந்தது. "இந்தத் தளம் எப்பவோ வுழுந்திருக்கணும். எதுவோ புடிச்சுக்கினு இருக்கு."

செண்பகத்துக்கு அந்தக் கைகள் யாருடையவை என்று தெரிந்துவிட்டது. சுவரோரம் உட்கார்ந்தாள்.

கங்கம்மா. ஆந்திர எல்லை தடாப் பக்கத்திலிருந்து இந்த வீடு கட்டுகிற வேலைக்குச் சித்தாளாக வந்தவள். ஆடிக்கு முன்னால் முகூர்த்தம் பிடிக்க வேண்டுமென்று வரதன் நச்சரித்து முட்டுகளைத் தட்டி எடுக்க வைத்த அன்று, கூடத்தின் நடுவில் நின்று, மேலிருந்து பிரித்துக் கொடுத்த பலகைகளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். தளம் முனகி இறங்கியது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். கங்கம்மா ஓடவில்லை. தலைமேல் வருகிறது என்றதும் இரண்டு கையையும் உயர்த்தித் தாங்கப் பார்த்தாள். சரிந்த முட்டு ஒன்று அவள் மண்டையில் அடித்தது. ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

தளம் மூன்று விரல் இறங்கி, நின்றுவிட்டது. ஊடு காவு வாங்கிடுச்சு, இனிமே அசையாது என்று ஊரே சொன்னது. குறித்த நாளில் பால் காய்ச்சினார்கள். செண்பகம்தான் காய்ச்சினாள். அழுதுகொண்டேதான் காய்ச்சினாள், ஆனாலும் காய்ச்சினாள்.

இதையெல்லாம் செண்பகம் சொல்லக் கேட்ட சாம்சன் ஓடிவிடவில்லை. பயந்தான், ஆனால் குழந்தை இருக்கிற வீட்டை அப்படியே விட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. அன்றைக்கே வண்டி பிடித்து இரும்பு ஜாக்கிகளைக் கொண்டுவந்து இறக்கினான். தளத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒவ்வொன்றாக நிறுத்தித் திருகினான். கடைசி ஜாக்கியை அந்தக் கைகளுக்கு நேர் கீழே வைத்து, பலம் கொண்ட மட்டும் முறுக்கினான்.

முறுக்கு இறுகியதும், கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

நீளமான மூச்சு. பாரம் சுமந்து வந்தவர்கள் இறக்கி வைத்ததும் விடுவார்களே, அந்த மூச்சு.

"அக்கா, கீழ பாருங்க."

கொத்திய தூசி தரையெங்கும் வெள்ளையாகப் படிந்திருந்தது. அதில் வெறுங்கால் தடம். கூடத்தின் நடுவில் தொடங்கி, ஜாக்கிகளுக்கு நடுவே புகுந்து, உள்ளறை வாசல்வரை போயிருந்தது. அந்தக் கால் வெளியிலிருந்து நடுவுக்கு வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

செண்பகம் பூமிகாவின் பெயரைக் கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பூமிகா நல்ல தூக்கத்தில் இருந்தாள். பக்கத்தில் குழந்தை விழித்துக்கொண்டு, காற்றில் எதையோ பார்த்துக் காலை உதைத்தது. அதன் நெற்றியில் ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்ட் தூசி தடவியிருந்தது. செண்பகம் அதை முந்தானையால் துடைத்தாள். ஈரமாக இருந்தது.

அன்றிரவே மகளையும் பேரனையும் எதிர்வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சாம்சன் மளமளவென்று வேலை பார்த்தான். துருவைக் கம்பி பிரஷால் சுரண்டி, மருந்து அடித்து, பக்கத்திலேயே புதுக் கம்பி கட்டி, கலவையை ஏற்றி அடைத்தான். மாடியில் தண்ணீர் தேங்காதபடி வாட்டம் எடுத்தான். கைத் தடங்கள் புதுக் கலவைக்குள் மறைந்தன. அதற்கப்புறம் தட்டுகிற சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. செண்பகத்துக்கு மூச்சு வந்தது.

"நான் வந்து எடுக்குற வரைக்கும் ஜாக்கியில யாரும் கை வைக்கக் கூடாது. அண்ணன்கிட்ட சொல்லி வையுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் சாம்சன் போனான்.

சொல்லிவைத்து என்ன பிரயோஜனம்? மார்கழி நெருங்கியது. மார்கழியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். அதற்குள் குழந்தைக்குப் பேர் வைத்து ஏணையில் போட வேண்டும் என்று சம்பந்தி வீட்டிலிருந்து நாள் குறித்துவிட்டார்கள்.

"ஊட்டுக்குள்ள காடு மாதிரி இரும்புக் கம்பம் நிக்குது. வர்ற சனம் எங்க உக்காரும்?" என்று மச்சானைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு வரதன் ஜாக்கிகளைத் தளர்த்த ஆரம்பித்தான்.

"வேணாம்யா. அன்னைக்கும் இப்படித்தான் அவசரப்பட்ட."

"அன்னைக்கு ஊடு வுழுந்துச்சா? நிக்குது இல்ல?"

சம்பந்தி முன்னால் குடும்ப மானம் போகுமே என்று செண்பகம் அதோடு விட்டுவிட்டாள். ஜாக்கிகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. தளம் ஒரு சத்தமும் போடவில்லை. பார்த்தியா என்று வரதன் கையைத் தட்டித் தூசியை உதறினான்.

பேர் வைப்பு அமர்க்களமாக நடந்தது. பூமிகாவின் கல்யாணப் புடவையில் ஏணை கட்டி, மாமன் மடியில் வைத்துக் காதில் பேர் சொல்லி, குழந்தையைப் போட்டு ஆட்டினார்கள். சாப்பாடு முடிந்து, மதியத்துக்கு மேல் கூட்டம் கலைந்தது. விருந்தாளிகளை ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட வரதன் குடையோடு கிளம்பினான். பூமிகா பின்கட்டில் பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது.

செண்பகம் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஈரச் சிமெண்ட் வாசனை வந்தது.

ஏணை ஆடாமல் நின்றது. அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் புடவை விளிம்பை விலக்கிப் பார்த்தாள்.

குழந்தை விழித்திருந்தது. அழவில்லை. இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கி, விரல்களை அகல விரித்து வைத்திருந்தது. அந்தப் பிஞ்சு முழங்கைகள் கிடுகிடுவென்று நடுங்கின. முகம் சிவந்து, நெற்றியில் வேர்வை பொடித்திருந்தது.

"என் கண்ணு, இன்னாடா பண்ற?" என்று கெஞ்சலாகக் கேட்டுக்கொண்டே ஒரு கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

தலைக்கு மேலே நறுக்கென்றது.

புதுப் பூச்சில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியது. பொடி உதிர்ந்து குழந்தையின் கன்னத்தில் விழுந்தது. அவள் கையை விட்டாள். குழந்தையின் கை தானாக மேலே போனது. விரிசல் நின்றது.

குழந்தையை அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடலாமா? தூக்கினால் கை இறங்கும். கை இறங்கினால் வாசல்வரைக்கும் போய்ச் சேர முடியுமா?

அந்தப் பிஞ்சுக் கைகள் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்?

"பூமி" என்று கூப்பிட்டாள். "பூமி, சீக்கிரம் வாடி."

பூமிகா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா?"

"எதையும் கேக்காத. நான் சொன்னதும் புள்ளைய தூக்கிக்கினு தெருவுக்கு ஓடு. திரும்பி உள்ள வராத."

"ம்மா, இன்னா ஆச்சு?"

செண்பகம் ஏணைக்குப் பக்கத்தில் காலை அகட்டி நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்தாள். தளம் அவள் கைக்கு எட்டாத உயரத்தில்தான் இருந்தது. உள்ளங்கைக்கு மேலே வெறும் காற்றுதான்.

அந்தக் காற்று கனத்தது.

சில்லென்று, சொரசொரவென்று, அந்தக் கூடத்துத் தளம் மொத்தமும் அவள் உள்ளங்கைகளில் இறங்கி உட்கார்ந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. ஏணைக்குள் குழந்தையின் கைகள் தொப்பென்று விழுந்தன. அது வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"போடி!"

பூமிகா பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். தெருவில் குழந்தை அழுவதும், அக்கம்பக்கத்தார் என்ன என்ன என்று கேட்பதும் காதில் விழுந்தது. "நைனாவுக்கு போன் பண்ணிட்டேன், நீயும் வெளிய வாம்மா" என்று பூமிகா கத்தினாள். செண்பகம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மூச்சு விட வேண்டும். மூச்சு விட்டால் கை தாழ்ந்துவிடும். பேரன் பிழைத்தான், அது போதும் என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். கையைத் தாழ்த்தாமல் மெல்ல வாசல் பக்கம் காலை நகர்த்திப் பார்த்தாள். கால் நகரவில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் வளையல் குலுங்கியது.

யாரோ சுவரில் சாய்ந்து, அப்பாடா என்று காலை நீட்டி உட்கார்ந்தார்கள். பந்தியில் மிச்சமிருந்த தண்ணீர்ச் சொம்பை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு மடக் மடக்கென்று, நிறுத்தாமல், வெகு நாள் தாகமெல்லாம் தீருகிற மாதிரி குடிக்கிற சத்தம்.

சொம்பு காலியாகித் தரையில் வைக்கப்பட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.