நிலைக்கு அடியில் ஒரு வெள்ளிக்காசு

"அய்யோ... எந்திரிய்யா!"

கார்குழலி கத்தினாள்.

முத்துவேல் எழுந்திருக்கவில்லை. அவன் மேல் விழுந்த சுவரை இப்போதுதான் அள்ளி முடித்திருந்தார்கள்.

கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடு. இடிக்கிற வேலை. காலையில் நெல்லித்தோப்பிலிருந்து ஒன்றாகத்தான் வந்தார்கள், புருஷனும் பெண்டாட்டியும். அவனுக்குக் கடப்பாரை, இவளுக்குக் கூடை.

மேஸ்திரி முருகையன்தான் பிணத்தின் கையைப் பிரித்துக் காட்டினார்.

உள்ளே வெள்ளிக்காசு!

"அந்தக் காலத்துல காசு போட்டுத்தான் வாசக்கால் வைப்பாங்க மேடம். நிலைக்கு அடியில அத நோண்டியிருக்கான்... செவுரு சும்மா இருக்குமா?"

விசாரிக்க வந்திருந்த எஸ்.ஐ. பாக்யலட்சுமி காசை வாங்கிக்கொண்டார்.

"எம்புருஷன் திருடன் இல்ல மேடம்!"

"அழுவாத தங்கச்சி. செத்தவன ஏன் பேசணும்..." மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவன் போனதுகூட இன்னும் மனதில் ஏறவில்லை. அந்தப் பேச்சுதான் அவளை அறுத்தது. நாளைக்குப் பிள்ளையை ஊர் என்ன சொல்லிக் கூப்பிடும்?

கேஸுக்குக் காசின் மதிப்பு வேண்டும். பெரிய மார்க்கெட் பக்கத்து வெள்ளிக்கடைக்கு மேஸ்திரியைச் சாட்சியாகக் கூட்டிப் போனார் எஸ்.ஐ. கார்குழலியும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். யாராலும் தடுக்க முடியவில்லை.

"பிரெஞ்சுக்காரன் காலத்துச் சைகோன் காசு. பியாஸ்தர்ம்பாங்க," என்றார் கடைக்காரர். "எடைய அதுலயே அடிச்சிருக்கான் பாருங்க, இருபத்தேழு கிராம். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரம் வெள்ளி."

தராசு சரியாக நின்றது.

"உருக்கினா இன்னிக்கு வெலைக்கு நாலாயிரத்தத் தாண்டும்... ஆமா, எங்க கெடைச்சுது?"

"நிலைக்கு அடியில!" மேஸ்திரி முந்திக்கொண்டார்.

கடைக்காரர் காசை மூக்கருகே கொண்டுபோனார்.

"மண்ணுல கெடந்த வெள்ளி கரிச்சட்டியாட்டம் இருக்கும்ங்க. இத யாரோ திருநீறு போட்டுத் தேய்ச்சிருக்காங்க. எழுத்து இடுக்குல பாருங்க... ஜவ்வாது வாசன!"

எஸ்.ஐ. மெல்லத் திரும்பினார்.

மேஸ்திரி நெற்றியில் மூன்று பட்டை. அதே வாசனை!

"கையப் பிரிச்சுக் காட்டினது நீதானே?"

முருகையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செவுத்துக்கு முட்டுக் குடுக்காம இடிக்கச் சொன்னது நான்தான் மேடம்... கேஸாகும்னு பயந்து அவன் கையில வச்சுட்டேன்... அந்தக் காசு போன வாரம் வேற நிலையில நான் எடுத்தது. வெள்ளியக் கண்டா எம்பொண்டாட்டி திருநீறு போட்டுத் தேய்ச்சிருவா... கவனிக்கல..."

கார்குழலி அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. எஸ்.ஐ.யின் கையைப் பிடித்தாள்.

"அப்ப எம்புருஷன் திருடன் இல்லல்ல?"

"இல்லம்மா. திருடியிருந்தா காசு அழுக்கால்ல இருந்திருக்கும்!"