ஒன்பது புள்ளி, ஒரு கோடும் இல்லை

ராமர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். டம்ளரை வாயில் வைத்தால் மூச்சு விடமாட்டான். கீழே வைத்த மறு நிமிஷம், "இன்னொண்ணு" என்பான். அவனுக்கு வயது ஏழு.

அது 1948ஆம் வருடம். தூத்துக்குடியில் நல்ல தண்ணீருக்குத்தான் பெரிய கிராக்கி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், கிணறு தோண்டினால் உவர். தெருக்குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். இடித்துப் பிடித்து இரண்டு குடம் நிரப்பிவிட்டால் அன்றைக்கு வீடு பிழைத்தது.

குடம் நிரப்புவது ராமரின் அக்கா சண்முகவடிவின் வேலை. பதினொரு வயது. ஒல்லிக் கை, ஓயாத வாய்.

"ஏளா வடிவு, ரெண்டு குடமும் எங்கன போச்சு? உலை வைக்கத் தண்ணியில்ல" என்று அம்மா இசக்கித்தாய் சத்தம் போட்டாள்.

"ஒன் மவன் வயித்துக்குள்ள போச்சு."

"சும்மா அவன் மேல பழியப் போடாத. நீதான் வழியெல்லாம் சிந்திட்டு வந்திருப்ப."

வடிவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையிலேயே ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டாள். ராமர் ஒரு டம்ளர் குடித்தால் அடுப்படிச் சுவரில் ஒரு கோடு. அவன் ஒன்றுக்குப் போய் வந்தால் ஒரு புள்ளி. தம்பி மேல் அக்கறை என்றெல்லாம் இல்லை. கோள் சொல்லத்தான்.

பொழுது சாயும்போது எண்ணினாள். முப்பத்து நாலு கோடு. இருபத்தொரு புள்ளி.

இன்னொரு தடவை எண்ணினாள். அதேதான். அந்தச் சின்ன உடம்புக்குள் ஒரு குடம் தண்ணீர் போய்விட்டு வந்திருக்கிறது. கோள் சொல்லும் ஆசை போய்விட்டது. அப்பா வந்ததும் சுவரைக் காட்டினாள்.

அப்பா பிச்சையாவுக்கு உப்பளத்தில் வேலை. அவர் சுவரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பேசியதெல்லாம் தெருமுனைக் கடைக்காரர் தாணுலிங்கம் அண்ணாச்சிதான். அவர் விரலிடுக்கில் எந்நேரமும் மூக்குப்பொடி இருக்கும்.

"நீரிழிவா இருக்கும் பிச்சையா. அவன் போன எடத்துல எறும்பு மொய்க்கா பாரு."

வடிவு பார்த்தாள். முற்றத்தில் ஒரு கருப்பட்டித் துணுக்கை வைத்தாள். எறும்புகள் வரிசை கட்டி அதற்குப் போயின. ராமர் ஒன்றுக்குப் போன இடத்தை ஒரு எறும்புகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப வாய்ப்பழக்கம்தான்" என்றார் அண்ணாச்சி. "ஒரு நா பூரா தண்ணி குடுக்காம வையி. தானா நிக்கும். நானும் ஒரு நா பொடி போடாம இருந்து பாத்தவன்."

"விட்டுட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள் வடிவு.

"ஒரு நாதான் இருந்தேன்னு சொன்னம்லா?" என்று ஒரு சிட்டிகையை உறிஞ்சினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்துக்குத்தான் லீவு, உப்பளத்துக்கு இல்லை. அப்பா இரண்டு குடங்களையும் உள்ளறையில் வைத்துப் பூட்டினார். சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மாவும் உப்புச் சுமக்கப் போகிறவள்.

"சாயந்திரம் வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. ஏளா, ஒன்னையத்தான். அண்ணாச்சி கடையிலயும் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. குரல் கடுமையாக இருந்தது. ராமர் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

முதல் ஒரு மணி நேரம் ராமர் கெஞ்சினான். அடுத்த ஒரு மணி நேரம் அழுதான். பிறகு அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. வடிவு பழக்கத்தில் கரித்துண்டோடு சுவர் ஓரம், பழைய கணக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்து வெளியே போனான், வந்தான். ஒரு புள்ளி. மறுபடியும் போனான். இன்னொரு புள்ளி.

உச்சிவெயிலில் அவனைக் காணோம். தேடிப் போனாள். துணி துவைக்கிற கல்லின் மேல் குனிந்து, ஈரத்தை நக்கிக்கொண்டிருந்தான். சற்று முன் யாரோ துவைத்துவிட்டுப் போன ஈரம்.

"ஏலே!"

அவன் நிமிர்ந்தான். உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் கிடந்தது. அவளைப் பார்த்தான், ஆனால் யாரோ போலப் பார்த்தான். தொட்டால் உடம்பு கொதித்தது.

அவனை இழுத்து வந்து நிழலில் படுக்கவைத்துவிட்டுச் சுவரில் அன்றைய கணக்கைப் பார்த்தாள்.

ஒன்பது புள்ளி. ஒரு கோடும் இல்லை.

வடிவு அப்படியே நின்றாள். தண்ணீர் குடிப்பதால்தான் இவன் ஒன்றுக்குப் போகிறான் என்று வீடே நினைத்துக்கொண்டிருந்தது. அவளும்தான். காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. பிறகு இந்த ஒன்பதும் எங்கிருந்து வந்தது?

அண்ணாச்சி கடைக்கு ஓடினாள்.

"தண்ணியா? மூச்சு விடாத. ஒங்கப்பன் என்னையக் கொன்னுபோடுவான்."

"அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி. ஒங்க எண்ணெய் டின்னுல இன்னைக்கு நீங்க எண்ணெயே ஊத்தல. ஆனா தரையெல்லாம் எண்ணெய். என்ன அர்த்தம்?"

"டின்னு ஓட்டைன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா?"

"தம்பி இன்னைக்கு ஒண்ணுமே குடிக்கல. ஒம்பது தடவ போயிருக்கான்."

அண்ணாச்சியின் விரல் மூக்குக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.  கடைக்குள் போய்த் தன் தண்ணீர்ப் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்.

ராமர் ஏழு டம்ளர் குடித்தான். எட்டாவதில் அக்காவை அடையாளம் தெரிந்தது. "நீ ரொம்பக் கெட்டவ" என்றான். வடிவுக்கு அதைக் கேட்டதும்தான் உயிர் வந்தது.

அவனை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் கணக்கையும் சிலேட்டில் எழுதிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடினாள்.

உப்பளத்தில் அப்பாவின் வேலை உப்பு வாருவதல்ல, தண்ணீரைப் பார்ப்பது. கையில் ஒரு கண்ணாடி மிதவை இருக்கும். அதைப் பாத்தித் தண்ணீரில் விட்டால், உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டும். சரியான அளவு வந்ததும் வரப்பில் நின்று தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டுவார். தூரத்தில் மடையில் நிற்கிற ஆள் அதைப் பார்த்து மடையை அடைப்பார்.

வடிவு மூச்சு வாங்க வந்து சிலேட்டை நீட்டினாள். "அப்பா, நான் தண்ணி குடுத்துட்டேன். அடிக்கதுன்னா அடிங்க. அதுக்கு முன்னால இதப் பாருங்க."

அப்பா பார்த்தார். புள்ளிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"குடிக்கவே இல்லையா?"

"ஒரு சொட்டுகூட இல்ல. கல்ல நக்கிட்டுக் கெடந்தான்."

அப்பா பாத்திப் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் தண்ணீர்.

"தண்ணி வார மடைய அடைச்ச பெறவும் பாத்தி வத்துதுன்னா, போற மடை எங்கனயோ தெறந்து கெடக்கு" என்றார். "அது தெரியாம வார மடைய அடைச்சிருக்கேனே, பாவி."

மிதவையை வடிவின் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கங்காணி பின்னாலிருந்து கத்தினார். அப்பா திரும்பவே இல்லை.

மறுநாள் காலை அப்பா, வடிவு, ராமர் மூவரும் நாசரேத் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். வடிவின் மடியில் ஒரு பெரிய செம்புத் தண்ணீர், கையில் சிலேட்டு. ஆத்தூரில் பஸ் தாமிரபரணியைத் தாண்டியபோது ராமர் ஜன்னலுக்கு வெளியே பாதி போய்விட்டான்.

"யக்கா! அம்புட்டும் நல்ல தண்ணியா? எறங்கிருவோமா?"

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். வடிவு அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஜீவமணி குட்டையான அம்மாள், பேச்சில் சுருக்கம். ராமரின் சிறுநீரை நீல மருந்தோடு கலந்து காய்ச்சினார். நீலம் நீலமாகவே இருந்தது.

"சர்க்கரை இல்லை" என்றார்.

"எறும்பு வரலன்னப்பவே தெரியும்" என்றாள் வடிவு.

டாக்டர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "சில பிள்ளைகளுக்குச் சும்மா குடிக்கிற பழக்கம் வந்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து..."

வடிவு சிலேட்டை மேஜைமேல் வைத்தாள். "இது குடிச்ச நாள். இது பூட்டி வச்ச நாள்."

டாக்டர் சிலேட்டைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. "பழக்கம் என்றால், குடிக்காத அன்றைக்கு வருவதும் நின்றிருக்க வேண்டும்" என்று மெதுவாகச் சொன்னார். "இதை யார் கணக்கெடுத்தது?"

"நான்தான். மொதல்ல கோள் சொல்லுததுக்கு."

"நல்ல கோள். தம்பிக்குத் தலையில் அடிபட்டதா?"

"மாசியில உப்பு வண்டியிலேர்ந்து விழுந்தான்" என்றார் அப்பா. "காயம் ஆறிப்போச்சே."

"வெளியே ஆறியது. உள்ளே ஆறவில்லை." டாக்டர் ராமரின் இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்தார். "இதற்கு நேர் உள்ளே, மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி தொங்குகிறது. பட்டாணி அளவுதான். மூளை நம் இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டதா என்று ஓயாமல் சோதிக்கிறது. தூங்கும்போதும்தான்."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். "மிதவை வச்சா பாக்குது?"

"எதை வைத்துப் பார்க்கிறது என்று எங்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாது. ஆனால் துல்லியமாகப் பார்க்கிறது. உப்பு ஏறினால் தாகம் எடுக்கவைக்கும். அதே நேரம் இந்தப் பட்டாணி வழியாக இரத்தத்தில் ஒரு சரக்கை விடும். ஒரு சொட்டில் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. அது சுற்றிச் சுற்றி முதுகுப் பக்கம் இருக்கிற சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும். உடனே சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும்."

"அப்பா துண்ட ஆட்டுத மாதிரி" என்றாள் வடிவு. 

"மடையில நிக்கவன் நல்லவன்தான்" என்றார் அப்பா. "துண்டு ஆடல. அவன் என்ன செய்வான்?"

 "நான் இதைப் படிக்க ஒரு வருஷம் ஆனது" என்றார் டாக்டர்.

"அந்தப் பட்டாணிக்கு இது ஒண்ணுதான் வேலையா?" என்று கேட்டாள் வடிவு.

"நீ வளர்வதற்குச் சேதி அங்கிருந்துதான். கழுத்தில் ஒரு சுரப்பி, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இரண்டு சுரப்பி. அவற்றுக்கும் சேதி அங்கிருந்துதான். வேலை முடிந்ததும் அவை 'போதும்' என்று பதில் அனுப்பும். அதையும் பட்டாணி கேட்டுக்கொள்ளும்."

வடிவு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோலுக்கு அடியில் நீல நரம்பு ஓடியது. இத்தனை நாளும் அதற்குள் சேதி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை. அவள் மூக்கைச் சிந்தியபோதும், குழாயடியில் சண்டை போட்டபோதும் அது பாட்டுக்கு நடந்திருக்கிறது.

"இவன் சரியாயிருவானா?" அப்பா தரையைப் பார்த்துக் கேட்டார்.

"சரியாகும் என்று பொய் சொல்லமாட்டேன். நாள் தவறாமல் மருந்து வேண்டும். மருந்து இருந்தால் எல்லாரையும் போல இருக்கலாம். ஒன்று, தண்ணீரை மட்டும் இனி ஒருநாளும் பூட்டாதீர்கள்."

அப்பா தலையை ஆட்டினார். ராமரின் தலைமேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறப் பொடி. "மிருகங்களின் அதே சுரப்பியைக் காயவைத்துச் செய்தது. மூக்கில் உறிஞ்ச வேண்டும்."

"மூக்குப்பொடியா?" வடிவு வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா பங்கு கேப்பாரே!"

முதல் சிட்டிகையை ராமர் தும்மியே டாக்டரின் வெள்ளைக் கோட்டில் சேர்த்தான். இரண்டாவது சிட்டிகைக்கு வடிவு அவன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, "தும்முனியோ, கொன்னேன்" என்றாள். கண்ணில் நீர் முட்ட அடக்கிக்கொண்டான்.

அப்போது மணி பதினொன்று. வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு ராமர் ஒரு டம்ளர் குடித்தான். சிலேட்டில் ஒரு கோடு. பன்னிரண்டுக்கு ஒரு புள்ளி.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மணி ஒன்று அடித்தது. ராமர் ஆஸ்பத்திரிக் கோழி ஒன்றின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தான். மணி இரண்டு அடித்தது. வெயில் கொளுத்தியது. வடிவு செம்பைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள்.

"ஏலே, தண்ணி?"

"வேண்டாம்."

"நெசமாவா?"

"வேண்டாங்கேன்லா! நீ கத்துனதுல கோழி ஓடிட்டு!"

வடிவு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். வேர்வையா என்று அவள் கேட்கவில்லை.

மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தொண்டை வறண்டு கிடந்தது. விடியற்காலையிலிருந்து தம்பிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே இருந்தாளே தவிர, அவள் ஒரு வாய் குடிக்கவில்லை. அதை அவள் மறந்துவிட்டாள். உள்ளே இருப்பது மறக்கவில்லை.

புருவத்துக்கு நடுவில் விரலை வைத்துப் பார்த்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"கேக்குது, கேக்குது" என்று அதனிடம் மெல்லச் சொல்லிவிட்டு, செம்பைத் தூக்கிக் குடித்தாள்.