மச்சினனின் மழைக்கோட்டு

கீமோ விடுதியில் சேர வருகிறவர் எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பழைய கிரிக்கெட் கையுறை வைத்திருந்தார். பின்னால் நின்ற அம்மாளிடம், பூனை படுத்த துண்டு. கொண்டுவந்ததை மோப்பி என்கிற கருவிக்குள் வைத்தால், அது மணப்பிரதி எடுத்து, நாம் மாட்டியிருக்கும் முகக்கூம்பில் விடும். மருந்து ஏறும்போது முகர்ந்தால் பயம் அடங்கும்.

நான் நீட்டியது மச்சினனின் மழைக்கோட்டு.

"என்ன அண்ணாச்சி, பிரியமான வாசனையாக் கொண்டாங்கன்னு சொன்னேம்லா?" என்றாள் செவிலி ஜெபா.

"இதுலயே ஒப்பேத்து தாயி."

தூத்துக்குடியில் மிளகாய் மண்டி வைத்திருப்பவன் நான். கொடுத்த சரக்கு திரும்புமா என்று பார்ப்பேன். இங்கே கொடுக்கிற வாசனை திரும்பாது. எந்த வாசனையோடு மருந்து ஏறுகிறதோ, உடம்பு அதைப் பிறகு மன்னிப்பதில்லை. ஆயுளுக்கும் குமட்டும். அதனால் போனால் போகட்டும் என்கிற சரக்கைக் கொடுத்தேன்.

கோட்டு ஒன்றும் கிழிக்கவில்லை. பயத்தில் இரண்டு முறை ஊசியைப் பிடுங்கிவிட்டேன். இன்னொரு முறை பிடுங்கினால் கட்டி ஜெயித்துவிடும் என்றார் மருத்துவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற என் மனைவி செல்வக்கனி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை ரப்பர் வாடைக்கு அடியில் ஏதோ இதமாக இருந்தது. நடுக்கம் நின்றது. குறட்டையே விட்டேனாம்.

"அதே கோட்டுதான் அண்ணாச்சி. கொஞ்சம் சுத்திகரிச்சோம்," என்றாள் ஜெபா, என் முகத்தைப் பார்க்காமல். மலிவாக முடிந்ததென்று, உதிர்ந்துபோன மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டேன்.

கட்டி கரைந்தது. வீட்டுக்கு வந்தேன். செல்வக்கனி கதவைத் திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். நான்தான் எட்டி அணைத்தேன். அவள் வாசனை மூக்கில் ஏறியது. வாசலிலேயே வாந்தி.

அவள் பதறவில்லை. தயாராக வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை என்பக்கம் தள்ளிவிட்டு ஒதுங்கினாள். அப்போதுதான் உறைத்தது.

"ஏட்டி, உன்னையா குடுத்த?"

"உடுத்துன சேலையக் குடுத்தேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா பேரம் பேசுவிய. பேசி முடிக்கதுக்குள்ள செத்துருப்பிய."

"என் பொருளை என்னைக் கேக்காமக் குடுக்க நீ யாரு?"

"என் வாசனைல்லா அது."

"அனுபவிச்சது நான்லா?"

அவள் கூடத்தின் மறுகோடிக்குப் போனாள். என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு புது மின்விசிறி நின்றது. காற்று என்னிடமிருந்து அவள் பக்கம் போகும்படி திருப்பி, நான் வருமுன்பே வாங்கி வைத்திருந்தாள்.

"அங்க இருந்தே திட்டுங்க," என்றாள். "கேக்குது."