பொத்தானை விடுடா

பேட்டரி இல்லாத வாக்கி டாக்கி சுட்டது.

அவள் கையை இழுத்துக்கொண்டு மறுபடியும் தொட்டாள். ஷிப்டு முடிந்து ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகும் செட்டுகளைத் துடைத்துச் சார்ஜில் போடுவது அவள் வேலை. ஏழாம் நம்பரை மட்டும் யாரும் எடுப்பதில்லை. அது அவள் தம்பியுடையது. பேட்டரியைக் கழற்றி, அலமாரியின் கோடியில் அவளே வைத்திருந்தாள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன். சுடுது."

வாசலில் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த வாட்ச்மேன் திரும்பவில்லை. "இந்தக் குளிர்கிடங்குல சூடா ஒண்ணு கிடைச்சா மடியில வச்சுக்கம்மா. நான் கேட்டைப் பூட்டணும், சீக்கிரம் வா."

அவர் போனதும் தகரக் கூரைமேல் மழை கனத்தது. சுவருக்கு அப்பால் குளிரூட்டும் இயந்திரம் நெஞ்சடைத்தவன் மூச்சு விடுவதுபோல் உறுமி உறுமி ஓய்ந்தது. எத்தனை முறை கழுவியும் போகாத அமோனியா வாடை, நனைந்த அட்டைப்பெட்டிகளின் புளிப்போடு கலந்து அவள் மூக்கில் ஊசியாய் ஏறியது.

வேலைக்குச் சேரும் அன்றே சூப்பர்வைசர் எல்லாருக்கும் சொல்லித் தருவார். முகத்துக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடி. ஏரியல் கம்பி தோலில் படக்கூடாது. விடாமல் பேசினால் செட்டு சூடேறும், அந்த அலை உடம்புக்கும் ஆகாது. பொத்தானை அமுக்கியிருக்கும் வரை அடுத்தவன் பேசுவது உனக்குக் கேட்காது. அதனால் அமுக்கு, சொல், விட்டுவிடு, கேள். தம்பிக்குக் கடைசி இரண்டும் வரவே வராது. கிடங்கில் அவனுக்கு வானொலி என்றுதான் பேர்.

"பட்டனை விடுடா. சாமியே வரம் குடுத்தாலும் உனக்குக் கேக்காது" என்று அவள் திட்டுவாள்.

"சாமிகிட்டயும் ஒரு செட்டு இருக்காக்கா?" என்பான்.

அமோனியாக் குழாய் வெடித்த அன்று அவன் உள்ளறையில் இருந்தான். விளக்கு போய்விட்டது. பயத்தில் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "அக்கா, கண்ணு எரியுது. எந்தப் பக்கம் வரட்டும்? யாராவது பேசுங்களேன்!" இடப்பக்கக் கதவு திறந்திருக்கிறது என்று இவள் தன் செட்டில் தொண்டை கிழியக் கத்தினாள். அவன் காதில் ஒரு சொல் விழவில்லை. வலப்பக்கம் போனான். அங்கே பூட்டு. கடைசியாக அவன் கேட்டது, "யாருமே இல்லையா?"

அவன் செத்ததைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள். யாருமில்லை என்று நினைத்துக்கொண்டே செத்தானே, அதுதான் தொண்டையில் நின்றது.

இப்போது அவள் இடுப்பிலிருந்த செட்டில் பச்சை விளக்கு எரிந்தது. இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு மூச்சு.

"அக்கா… கண்ணு எரியுது. யாராவது பேசுங்களேன்."

பதறி எடுத்துப் பொத்தானை அமுக்கினாள். "தம்பி! நான் இங்கதான்டா இருக்கேன்!"

விட்டதும் அதே குரல். "யாருமே இல்லையா?"

ஏழாம் நம்பரைப் பார்த்தாள். அதன் பொத்தான் தானாகவே உள்ளே அமுங்கியிருந்தது.

நகத்தை விட்டு நெம்பினாள். அசையவில்லை. அதன்மேல் கட்டைவிரலை வைத்தாள். பொத்தான் தட்டுப்படவில்லை. நடுவில் ஒரு விரல் இருந்தது. சில்லென்று. ஈரமாக. நடுங்கிக்கொண்டு.

அந்த விரலைத் தடவிக்கொடுத்தாள்.

"விடுடா கண்ணு. ஒரே ஒரு தடவை விடு. அக்கா பேசணும்."

வெகுநேரம் தடவினாள். நடுக்கம் மெல்ல அடங்கியது. விரல் விலகியது. பொத்தான் மேலே வந்தது. பச்சை விளக்கு அணைந்தது.

அவள் ஏழாம் நம்பரை வாயருகே கொண்டுபோய் அமுக்கினாள்.

"கேட்டுச்சுடா. நீ சொன்னது ஒண்ணு விடாம கேட்டுச்சு. நான் கத்திக்கிட்டேதான் இருந்தேன். உன்னை யாரும் விட்டுட்டுப் போகலைடா. கேக்குதா? ஒரு வார்த்தை சொல்லு."

பதிலுக்காக விரலை எடுக்கப் போனாள்.

எடுக்க வரவில்லை.

அவள் விரலின்மேல் இன்னொரு விரல். அழுத்தியது. இறுக்கியது.

மழைச் சத்தம் நின்றுபோனது. ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது. இயந்திரமும் ஊமையானது. வாசலுக்குத் திரும்பி வந்த வாட்ச்மேன் குடையைக் கீழே போட்டுவிட்டு வாயைத் திறந்து திறந்து மூடினார். ஒன்றும் கேட்கவில்லை.

செட்டு கொதித்தது. கை தானாக மேலே வந்தது. ஏரியல் கன்னத்தில் ஒட்டியது. தோல் கருகும் வாடை.

"கேக்குதாடா?" என்றாள். தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

மறு கன்னத்தில் குளிர்ந்த மூச்சு. காதோடு உரசியபடி இரண்டு உதடுகள். அசைந்தன. நிறுத்தாமல், அவசர அவசரமாக, அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தன.