இரண்டு மணி முதல் மூன்றரை வரை

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்ட கட்டத்தை அவள் இன்னும் தொடவே இல்லை. அதற்குள் அங்கே இரண்டு என்று வந்து உட்கார்ந்திருந்தது.

மின்சாரக் கம்பெனியின் இணையப் பக்கம் அது. புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் காருக்கு இரவுக் கட்டணத் திட்டம் எடுப்பதா, பழைய திட்டத்திலேயே கிடப்பதா என்று பார்க்கத்தான், சாயங்காலம் கைகால் கழுவிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்திருந்தாள். இரவு பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை யூனிட் மூன்றில் ஒரு பங்கு விலை, பகலில் மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று போட்டிருந்தது. பகல் முழுக்க வீடு பூட்டியே கிடப்பதால் அவளுக்கு அது வசதிதான். இரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தாள். அடியில் பொடி எழுத்தில், கடந்த முப்பது நாள் பயன்பாட்டை வைத்துக் கணித்தது என்று இருந்தது. கம்பெனிக் கணிப்பு வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தெருவில் அவளுக்கு லேப் அக்கா என்று பெயர். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கிற வேலை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ரத்தம் என்பதால் காலை ஆறு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பிவிட வேண்டும். சர்க்கரைக்காரர்கள் பசி பொறுக்க மாட்டார்கள், ஐந்து நிமிஷம் தாமதமானால் அவளையே கடித்துத் தின்றுவிடுவதுபோல் பார்ப்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. கணவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரே மகள், நாலு மணி நேரப் பயணத் தொலைவில், கைக்குழந்தையோடு இருக்கிறாள்.

போன வருஷம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு இவள் அசந்து தூங்கிப்போக, சமையலறை முழுக்கப் புகை மண்டிவிட்டது. மகள் ஓடிவந்து அழுது, திட்டி, மறுபடி அழுது, கடைசியில் ஒரு நிபந்தனை போட்டுவிட்டுப் போனாள். இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தால் வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிட வேண்டும். மருமகன் தங்கமானவர், அங்கே அவளுக்கென்று ஓர் அறைகூட இருந்தது. ஆனால் அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு என்ன வேலை இருக்கும்? இந்த வீட்டையும் இந்த வேலையையும் விட்டுவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. அன்றிலிருந்து மகளிடம் எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று மட்டுமே சொல்லி வந்தாள்.

அடுத்த பக்கத்தில் அவள் வீட்டு மின்சாரம் அரை மணிக்கு அரை மணி வரைபடமாக வந்தது. நாலரைக்கு ஒரு மேடு எழுந்தது. அது அவள்தான். எழுந்து ஹீட்டர் போட்டு, கெட்டிலில் தண்ணீர் வைத்து, வெள்ளைக் கோட்டை அயர்ன் செய்கிற நேரம். அதற்கு முன்னால், அதே உயரத்தில், அதே வடிவத்தில், இன்னொரு மேடு இருந்தது. இரண்டு மணிக்கு ஏறி மூன்றரைக்கு இறங்கியது. முப்பது நாளும் இருந்தது. அப்போது வீட்டில் கார்கூட இல்லை.

கணவராக இருக்குமோ என்று ஒரு கணம் ஓடியது. உடனே சிரிப்பும் வந்தது. இரண்டு மணிக்கு இடியே விழுந்தாலும் புரண்டு படுக்கிற மனுஷன் அவர். உயிரோடு இருந்தபோது ஒரு நாள்கூட ஏழுக்கு முன்னால் எழுந்ததில்லை, செத்த பிறகா எழுந்துவிடப் போகிறார்?

மறுநாள் கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மீட்டரில் கோளாறு எதுவும் இல்லை என்றாள். கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்ல நைட் ஷிஃப்ட் போறவங்க யாராச்சும் இருக்காங்களா மேடம்? முதல் அரை மணி ஹீட்டர் ஓடுது. அடுத்து கெட்டில், அப்புறம் அயர்ன் பாக்ஸ். யாரோ எந்திரிச்சு வேலைக்குக் கிளம்புற மாதிரிதான் இருக்கு."

யாரும் இல்லை என்றாள் லேப் அக்கா. அப்படியானால் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் போனை வைத்தாள்.

அதற்கு மறுநாள் நாலரைக்கு எழுந்தவள் குளியலறை விளக்கைப் போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். தரை ஈரமாக இருந்தது. அவள் சோப்பின் மணம், எப்போதோ போட்டுக் கலைந்ததுபோல் மெலிசாக, மூலையில் தங்கியிருந்தது. சமையலறைக்குப் போய்க் கெட்டிலின் வயிற்றில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாளும் தூக்கக் கலக்கத்தில் இதையெல்லாம் மிதித்துக்கொண்டும் தொட்டுக்கொண்டும்தான் போயிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

எலக்ட்ரீஷியன் வந்தார். அவரிடம் பில் அதிகமாக வருகிறது என்று மட்டும் சொன்னாள். எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, வயரிங்கில் ஒரு குறையும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு ராத்திரி மெயினை ஆஃப் பண்ணிட்டுப் படுங்கக்கா. எது கரண்ட்டை எடுத்தாலும் தன்னால நின்னுடும்."

அப்படியே செய்தாள். மின்விசிறியும் ஃப்ரிட்ஜும் நின்ற வீட்டில் அவள் மூச்சே அவளுக்குப் பெரிதாகக் கேட்டது. எங்கோ தெருக்கோடியில் ஒரு லாரி கியர் மாற்றிப் போனது, மேலே தண்ணீர்த் தொட்டியில் சொட்டு விழுந்தது, மர பீரோ குளிர்ந்து ஒரு தடவை முனகியது. பிறகு அதுவும் இல்லை. போனில் மணி இரண்டு. குளியலறைப் பக்கம் டிக் என்று ஒரு சத்தம். ஸ்விட்ச். மறுபடி டிக். போட்டு அணைத்து, போட்டு அணைத்து, ஏன் எரியவில்லை என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் சமையலறையில். அப்புறம் ஹாலில், வரிசையாக மூன்று. அவசரமே இல்லை. வெறும் காலின் ஈரம் தரையில் ஒட்டிப் பிரிகிற சத்தம் அவள் அறையை நோக்கி வந்தது. தலைமாட்டுக்கு மேலே சுவரில் இருந்த ஸ்விட்ச் டிக் என்றது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூங்குகிறவள் மூச்சு எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்து மூச்சு விட்டாள். டிக். டிக். விடிந்ததும் முதல் வேலையாக மெயினைப் போட்டாள். அதற்குப் பிறகு அதை அணைக்கவே இல்லை.

மகளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மறுநாளே வீட்டு வாசலில் தரகர் நிற்பார். இதுவரை அது என்ன செய்துவிட்டது என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். குளிக்கிறது, ஏதோ குடிக்கிறது, போய்விடுகிறது. கரண்ட் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கும். அவளுக்கு வேண்டாததெல்லாம் அந்த மேட்டைக் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான். அதற்கும் ஒரு வழி கையிலேயே இருந்தது. இரவுத் திட்டத்தை எடுத்து, பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை காரைச் சார்ஜ் போட்டுவிட்டால், கார் இழுக்கிற இழுப்பில் வரைபடம் மொத்தமாக மேலே போய்விடும், அந்தச் சின்ன மேடு அதற்குள் புதைந்துவிடும்.

அன்று மாலையே விண்ணப்பத்தைத் திறந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்ற கட்டத்தில் மறுபடியும் இரண்டு. அழிக்க விரல் போனது. போன விரல் அங்கேயே நின்றது. ஸ்விட்சைத் தட்டிப் பார்த்த அந்தக் கையிடம் நீ கிடையாது என்று எழுதிக் கொடுக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது, அதை நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. மூன்று வருஷமாக எல்லாப் படிவத்திலும் ஒன்று ஒன்று என்று எழுதி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. இரண்டை அப்படியே விட்டுவிட்டு அனுப்பினாள்.

ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. கார் தினமும் ஐந்துக்கு நிறைந்து நின்றது, வரைபடத்தில் இரவு முழுக்க ஒரே சுவர். காலையில் பாத்திரத் தட்டில் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் இரண்டு இருந்தன. அவள் இரண்டையும் எடுத்து வைத்தாள். ஒரு நாள், முந்தைய இரவு கசக்கி நாற்காலியில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டு மடிப்புக் கலையாமல் அயர்ன் செய்து ஹாங்கரில் தொங்கியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது அவளுக்காக ஒரு துணியை எடுத்துத் தேய்த்து வைத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை. காலியான சமையலறையைப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றாள். அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாது.

அன்று இரவு அது சத்தத்தை அடக்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் வாளியில் கொட்டியது, கெட்டில் கொதித்து அடங்கியது, அயர்ன் பாக்ஸ் மேசைமேல் நகர்ந்து நகர்ந்து நின்றது. சூடான துணியின் வாசனை கதவிடுக்கு வழியாக அறைக்குள் வந்தது. பிறகு கால்கள் ஹாலைக் கடந்து அவள் கதவுக்கு வெளியே நின்றன. தரையில் எதையோ வைத்த சத்தம். சாசரில் கோப்பை. தேநீர் மணம் வந்தது. கால்கள் போகவில்லை. அவளுக்காகக் காத்திருந்தன.

போனையும் கார்ச் சாவியையும் எடுத்தாள். படுக்கையறையின் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு, செருப்பில்லாமல், கார் கொட்டகைக்கு ஓடினாள். காருக்குள் ஏறிப் பூட்டினாள்.

அங்கிருந்து வீடு முழுதும் தெரிந்தது. எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். அவள் பார்க்கப் பார்க்க, பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தது. குளியலறை. சமையலறை. அவள் அறை. கடைசியாக ஹால். வெளியே கிளம்புகிறவர்கள் அணைக்கிற மாதிரி. மணி பார்த்தாள். மூன்றரை.

மூன்றரைக்கு மேடு இறங்கிவிடும் என்றுதான் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அது எங்கே போகிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வண்டி நகராது. சார்ஜர் மாட்டியிருந்தது. போனில் இருந்த ஆப்பில் சார்ஜை நிறுத்தினாள். கேபிளை விடுவிக்க மொத்தக் கதவின் பூட்டும் தன்னால் திறந்துகொண்டது. இறங்கினாள். பின்னால் ஓடினாள். சார்ஜரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை. வந்தது. தரையிலேயே போட்டாள். ஏறினாள். பூட்டினாள். பெல்ட்டைப் போட்டாள். கொட்டகையைத் தாண்டித் தெருவுக்கு வந்தபோதுதான் மூச்சு வந்தது. வீட்டுக் கதவு திறந்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

பெரிய சாலைக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டாள். காரின் ஸ்பீக்கரில் மணி அடித்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க எழுந்திருந்தாளாம், உடனே எடுத்துவிட்டாள்.

"நான் வந்துடறேன்டி. வீட்டை வித்துடலாம். கிளம்பிட்டேன், இப்பவே."

மகள் என்ன ஏது என்று கேட்டாள். இவள் நேரில் சொல்வதாகச் சொன்னாள். மகள் கொஞ்சம் அழுதாள், அப்புறம் சிரித்தாள், குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே படுக்கை விரித்து வைப்பதாகச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டதும் லேப் அக்கா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். இத்தனை நாள் எதற்காக அந்த வீட்டைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம் என்றுகூட இருந்தது.

"ஏம்மா, இந்த ராத்திரியில தனியாவா வர்ற?"

"தனியாத்தான்."

டிங்.

தன் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். போட்டிருந்தது. முன்னால் சிவப்பு விளக்கு. அவள் இருக்கைக்கு இல்லை. பக்கத்து இருக்கைக்கு. வேலைக்குக் கொண்டுபோகிற ரத்தப் பெட்டியை அங்கே வைத்தால் எடைக்கு இப்படி அடிக்கும்.

பெட்டி வீட்டில் இருந்தது.

டிங். டிங்.

"என்னம்மா சத்தம்?"

அவள் சாலையை மட்டும் பார்த்தாள். சோப்பு மணம். சூடான துணி. பக்கத்தில் பெல்ட் உருளையிலிருந்து பொறுமையாக, நீளமாக, இழுபட்டு வந்தது. க்ளிக்.

சத்தம் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. யாருமில்லாத இருக்கையின் குறுக்கே பெல்ட், சாய்மானத்தைத் தொடாமல், ஒரு சாண் முன்னால் விறைத்து நின்று, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.