பின்சில்லில் சுற்றியது

கையால் சுழற்றிவிட்டால் மோட்டார் சைக்கிளின் பின்சில்லு சில சுற்றுச் சுற்றிவிட்டு ஓரிடத்தில் வந்து நின்றது. நின்றதோடு விடாமல், யாரோ பிடித்து இழுத்ததைப் போல விரலளவு பின்னுக்கு உருண்டு, அதன்பிறகுதான் அடங்கியது. றிஸ்கான் மறுபடி சுழற்றினான். அதே இடம். அதே விரலளவு.

அதைக் குசினியை ஒட்டிய பின்விறாந்தையில் நிறுத்தியிருந்தான். மதியம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. தகரக் கூரையில் அது கொட்டுகிற இரைச்சலுக்குள்ளே, துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுவதும் குசினியில் அவனுடைய மனைவி ஆதிலா தேங்காய் திருவுவதும் கலந்து கேட்டன. மண்ணெண்ணெய் வாசமும் நனைந்த இரும்பின் வாசமும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றன.

போன கிழமை, கிண்ணியாவில் ஆதிலாவின் உம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, சீனக்குடாப் பக்கம் ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. விழுந்தது ஞாபகம் இல்லை. கண் திறந்தபோது அவன் பற்றைச் செடிகளுக்குள் கிடந்தான். ஆதிலா ரோட்டோரத்தில் நின்று அபாயாவில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலும் அவள் தன்னை யாரும் தொட விடவில்லை. "எனக்கு ஒண்டுமில்ல, அவரப் பாருங்க" என்று சொல்லிக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து அவனுக்கு எதுவும் உறைக்கவில்லை. பசி தெரியவில்லை. உள்ளங்கைக் காயத்தில் மண்ணெண்ணெய் பட்டும் எரியவில்லை. ஆதிலா வீட்டுக்குள்ளும் முக்காட்டைக் கழற்றாமல் திரிந்தாள், அதோடேயே படுத்தாள். தலை குளிருது என்றாள். சரி என்று விட்டுவிட்டான்.

இன்று காலை, மழைக்கு முன், கராஜ் வைத்திருக்கும் ஜவ்பர் நானா வந்து, முன்சில்லிலிருந்து பின்சில்லுக்கு நூல் பிடித்து, சட்டம் வளைந்திருக்கிறதா என்று பார்த்தார்.

"சேசி நேராத்தான் இருக்கு" என்றார். "முன்பக்கமும் பிழையில்ல."

"அப்ப ஏன் நானா சில்லு நிக்குது?"

"வெளியால தெரியாத அடி எங்கயோ இருக்கு. செயின் கவரக் கழட்டிப் பாருங்க, உள்ளுக்கு என்னவும் சிக்கியிருக்கும்." பின்சீற்றின் கிழிசலையும், உள்ளுக்கு மடிந்திருந்த கைபிடிக் கம்பியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னுக்கு இருந்தது உங்கட பொஞ்சாதியா?"

"ஓம். ஒரு கீறலும் இல்ல."

ஜவ்பர் நானா குசினிப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். நூலைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

றிஸ்கான் சில்லை இன்னொருதரம் சுழற்றினான். அப்போதுதான் அதைக் கவனித்தான். சில்லு சுற்றும்போது தேங்காய் திருவுகிற சத்தம் இல்லை. சில்லு அடங்கியதும் சத்தம் திரும்ப வந்தது. தற்செயலாக இருக்கும் என்று நினைத்து மறுபடி சுழற்றினான். சத்தம் நின்றது. கையால் பிடித்து நிறுத்தினான். சத்தம் வந்தது.

பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பயம் எங்கோ தூரத்தில், அடுத்த வீட்டில் அழுகிற பிள்ளையின் குரலைப் போலக் கேட்டது. கைகள் தம்பாட்டில் செயின் கவரின் ஆணிகளைக் கழற்றின.

கவரை எடுத்ததும் கிரீஸ் வாசத்துக்கு மேலாகக் கருஞ்சீரக எண்ணெய் மணத்தது. ஆதிலா தலைக்கு வைக்கிற எண்ணெய். செயின் பல்லுக்கும் சில்லின் நடுவுக்கும் இடையில், கயிறு முறுக்கியதைப் போல, கறுப்பாக ஏதோ இறுகிச் சுற்றியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினான். ஓர் இழை வந்தது. பிறகு ஒரு கொத்து. நீண்டுகொண்டே வந்தது.

முடி.

குசினியில் எதுவோ தொப்பென்று விழுந்தது.

இழுத்தான். முழங்கை நீளம். இன்னும் வந்தது. பின்னல் கலையாமல் இருந்தது. அதன் மற்ற நுனியில், காய்ந்து சுருங்கிய தோல். தோலின் நடுவே நேர்வகிடு.

மழை விட்டிருந்தது. எப்போது விட்டது என்று தெரியவில்லை.

"ஆதிலா."

"ம்." குரல் பக்கத்தில் கேட்டது. குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். கறுப்பு முக்காடு கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது.

"முக்காட்ட ஒருக்காக் கழட்டுங்க."

"ஏலாது."

"ஏன்?"

அவள் கழுத்தடி முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டினா நிக்காது" என்றாள்.

  கையிலிருந்த பின்னல் வழுக்கியது. சில்லு தானாக உருளத் தொடங்கியது. மெதுவாக. முடி இழுபட்டு உள்ளே போனது. நிற்கிற இடம் வந்தது.

நிற்கவில்லை.

ஆதிலாவின் மோவாய் நிமிர்ந்தது. கண்கள் கூரையைப் பார்த்தன. தலை இன்னும் பின்னுக்குப் போனது. ஏதோ மளுக்கென்றது. இன்னும் போனது. முகம் தோளுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. தொண்டை மட்டும் அவனுக்கு நேரே விறைத்து நின்றது. நீட்டிய கையில் கோப்பை ஆடவில்லை. ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

தொண்டை அசைந்தது.

"ஆறுது" என்றாள், முதுகுக்குப் பின்னாலிருந்து. "குடிங்க."